கலிஃபோர்னியா ரியல் எஸ்டேட் தேர்வு: 150-ல் 105 எடுக்க நேரத்தை எங்க போடணும்?



பே ஏரியாவில் 10 லட்சம் டாலருக்கு ஒரு வீடு கைமாறுகிறது. ஏஜென்ட் கமிஷன் 2.5 சதவீதம்னு வச்சுக்கிட்டாலே 25,000 டாலர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு, "நாமளே லைசென்ஸ் எடுத்துட்டா என்ன?"ன்னு கேக்கறவங்க நம்மள்ல நிறைய பேர். எடுக்கலாம், தப்பே இல்லை. ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தையும், படிக்க உட்கார்ந்ததும் ஒரு விஷயத்தையும் தெளிவா வச்சுக்கணும்.

முதல்ல விசாவைப் பாருங்க

லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசு. அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி கொடுப்பது மத்திய அரசு. ரெண்டும் வேற வேற. எச்-1பி விசாவில் இருக்கறவங்க, விசா வாங்கிக் கொடுத்த கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். சனி, ஞாயிறு மட்டும் வீடு காட்டி கமிஷன் வாங்கினாலும் அது விசா விதிமீறல்தான். கிரீன் கார்டுக்காக வருஷக்கணக்கா காத்திருக்கும்போது இந்த ரிஸ்க் வேண்டவே வேண்டாம்.

எச்-4 விசாவில் இருந்து, கணவர் அல்லது மனைவியோட ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தா, இஏடி கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2015-லிருந்து இந்த வழி இருக்கு. அந்தக் கார்டு கையில் இருந்தா ஏஜென்ட்டாக வேலை பார்க்கலாம். சந்தேகம் இருந்தா, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டுக்குங்க.

நேரமும் செலவும்

வயசு 18 ஆகியிருக்கணும். மூணு கோர்ஸ் முடிக்கணும்: ரியல் எஸ்டேட் பிரின்சிபிள்ஸ், ரியல் எஸ்டேட் பிராக்டிஸ், கூடவே ஃபைனான்ஸ், அப்ரைசல் மாதிரி பட்டியலில் இருந்து ஏதாவது ஒண்ணு. ஒவ்வொண்ணும் 45 மணி நேரம், மொத்தம் 135. ஐந்து வாரத்துக்குள் ரெண்டு கோர்ஸுக்கு மேல் முடிக்க விடமாட்டாங்க. அதனால "ஒரே மாசத்துல லைசென்ஸ்"னு யாராவது விளம்பரம் பண்ணினா நம்பாதீங்க.

2024 ஜூலை முதல் தேர்வுக் கட்டணம் 100 டாலர், லைசென்ஸ் கட்டணம் 350 டாலர். கோர்ஸ் பணமும் கைரேகைக்கான செலவும் தனி.

தேர்வுத்தாளில் எதுக்கு எவ்வளவு இடம்?

150 கேள்வி, 3 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தா பாஸ். அதாவது 105 சரியா இருக்கணும். ஒரு கேள்விக்கு 72 விநாடி கிடைக்கும். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை சதவீதம் வரும்னு துறையே சொல்லிடுது:

- தொழில் நடைமுறையும் வெளிப்படுத்த வேண்டிய தகவல்களும்: 25
- ஏஜென்சி சட்டம்: 17
- சொத்துரிமை, நிலப் பயன்பாடு: 15
- சொத்து மதிப்பீடு: 14
- ஒப்பந்தங்கள்: 12
- கடன்: 9
- சொத்து மாற்றம்: 8

நடைமுறை, ஏஜென்சி, ஒப்பந்தம் மூணையும் கூட்டுங்க. 54 சதவீதம், அதாவது 81 கேள்வி. மூணுமே சட்டமும் நடத்தையும் சம்பந்தப்பட்டது. மதிப்பீடும் கடனும் சேர்ந்து 23 சதவீதம்தான், அதிலேயும் எல்லாம் கணக்கு கிடையாது.

ஐடி வேலையிலிருந்து வர்றவங்களுக்கு வட்டிக் கணக்கு பழகின விஷயம், அதனால அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கத் தோணும். மார்க் இருக்கற இடம் வேற. இது பெரும்பாலும் வார்த்தைத் தேர்வு.

மாட்டிவிடற வார்த்தைகள்

"வாய்ட்", "வாய்டபிள்" ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். வாய்ட்னா ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. வாய்டபிள்னா இப்போதைக்குச் செல்லும், ஆனா ஏமாற்றப்பட்டவர் மாதிரி பாதிக்கப்பட்ட தரப்பு நினைச்சா ரத்து பண்ணிக்கலாம்.

அடுத்து "மார்ட்கேஜர்", "மார்ட்கேஜீ". பேங்க்தானே மார்ட்கேஜ் கொடுக்குது, அப்போ பேங்க்தான் மார்ட்கேஜர்னு தோணும். தப்பு. சொத்தை அடமானமாகக் கொடுப்பவர் கடன் வாங்கறவர், அவர்தான் மார்ட்கேஜர். கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் "டீட் ஆஃப் டிரஸ்ட்"தான் எழுதுவாங்க. அதில் கடன் வாங்கறவர் டிரஸ்டர், கடன் கொடுக்கறவர் பெனிஃபிஷியரி, நடுவில் நிற்பவர் டிரஸ்டீ. இந்த மூணு பேரையும் குழப்பிக்கிட்டா நாலஞ்சு கேள்வி சேர்ந்து போகும்.

நம்ம பழக்கம் தப்பாகற இடங்கள்

வீடு பார்க்க வந்த தமிழ்க் குடும்பத்துக்கிட்ட, "அந்தப் பக்கம் வாங்குங்க சார், நம்ம ஆளுங்கதான் நிறைய இருக்காங்க"ன்னு சொன்னா நமக்கு அது உபசாரம். சட்டத்துக்கு அது "ஸ்டீரிங்": இனம், மதம், பூர்வீகம் பார்த்து ஒருத்தரை ஒரு ஏரியாவுக்குத் தள்ளுவது. 1968-ல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டப்படி குற்றம். நல்ல எண்ணத்தோட சொன்னேன்னு தப்பிக்க முடியாது. தேர்விலும் இதை ரொம்ப இயல்பான பேச்சு மாதிரியே கேட்பாங்க.

இன்னொண்ணு, வீட்டில் நடந்த மரணம். கடந்த 3 வருஷத்துக்குள் நடந்திருந்தா வாங்கறவருக்குத் தெரியப்படுத்தணும். அதுக்கு முன்னாடி நடந்திருந்தா தானாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனா வாங்கறவர் நேரடியா கேட்டா பொய் சொல்லக்கூடாது. இறந்தவருக்கு எய்ட்ஸ் இருந்ததுங்கறதைத் தானாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே விதிக்குள்ள மூணு கேள்வி இருக்கு பாருங்க.

விற்பவர், வாங்குபவர் ரெண்டு பேருக்கும் ஒரே புரோக்கர் இருக்கலாமா? ரெண்டு பேருக்கும் தெரிந்து, சம்மதம் இருந்தா இருக்கலாம். ஆனா விற்பவர் விலையைக் குறைக்கத் தயார்ங்கறதை, அவர் அனுமதி இல்லாம வாங்குபவரிடம் சொல்லக்கூடாது.

கணக்கை ஒரே வாரத்தில் முடிச்சிடலாம்

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மனப்பாடம் வேண்டாம்: ஊரில் ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். அவ்வளவுதான். ஒரு செக்ஷன் 640 ஏக்கர், ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்ஷன். கவுன்ட்டி டிரான்ஸ்ஃபர் டேக்ஸ் ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர், அதனால 8 லட்சம் டாலர் வீட்டுக்கு 880 டாலர். 1978-ல் வந்த புரொபசிஷன் 13 படி, அடிப்படை சொத்து வரி 1 சதவீதம். கைமாறாத வரைக்கும் வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது.

எப்படிப் படிக்கிறது?

கோர்ஸ் முடிஞ்சதும் நாலு வாரம் ஒதுக்குங்க. முதல் ரெண்டு வாரம் அந்த 54 சதவீதத்துக்கு மட்டும். மூணாவது வாரம் சொத்துரிமை, சொத்து மாற்றம், கணக்கு. நாலாவது வாரம் கடிகாரம் வச்சு 150 கேள்வி மாதிரித் தேர்வு, ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஒரு நோட்டு போட்டு, தப்பான ஒவ்வொரு கேள்வியிலும் உங்களைக் குழப்பின வார்த்தையை எழுதி, பக்கத்துல உங்க தமிழ்ல அர்த்தம் எழுதுங்க. தமிழ்ல ஒரு வரி எழுத வரலைன்னா அது இன்னும் புரியலைன்னு அர்த்தம்.

பழைய புத்தகத்தை இரவல் வாங்காதீங்க. வாங்குபவரோட எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடறது 2025-லிருந்து மாநிலச் சட்டமாகவே ஆகியிருக்கு. பழைய புத்தகத்தில் அது இருக்காது.

பாஸானா மார்க் சொல்லமாட்டாங்க. ஃபெயிலானா எந்தப் பகுதியில் எவ்வளவுன்னு கொடுப்பாங்க. அதைப் பார்த்து, குறைஞ்ச பகுதியை மட்டும் படிச்சுட்டுத் திரும்ப எழுதுங்க. விண்ணப்பம் 2 வருஷம் செல்லும். பாஸான பிறகு 1 வருஷத்துக்குள் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கணும்.

கடைசியா, வீட்டு பட்ஜெட்

அந்த 25,000 டாலர் முழுசா உங்க கைக்கு வராது. சேல்ஸ்பெர்சன் தன் புரோக்கர் வழியாத்தான் கமிஷன் வாங்க முடியும், அவர் பங்கு போக மீதிதான் உங்களுக்கு. பெரும்பாலும் கான்ட்ராக்டராகத்தான் இருப்பீங்க, அதனால வரியை யாரும் பிடிச்சுக் கட்டமாட்டாங்க. வருமான வரியோட, நிகர வருமானத்தின் பெரும்பகுதிக்கு 15.3 சதவீத சுயதொழில் வரியும் நீங்களே கட்டணும். முதல் வீடு எப்போ முடியும்னு யாராலும் சொல்ல முடியாது.

அதனால 6 மாச வீட்டுச் செலவு பேங்க்ல தனியா இருந்தா மட்டும் இருக்கற வேலையை விடுங்க. இல்லைன்னா வேலையை வச்சுக்கிட்டே கோர்ஸை ஆரம்பிங்க. 135 மணி நேரம்னா தினம் ஒண்ணரை மணி நேரம், சரியா 90 நாள். கேலண்டரை எடுத்து இன்னைக்கே எண்ணிப் பாருங்க.