நெஞ்சு படபடக்குதா? நீங்கள் தயாராகிறீர்கள்!

வீட்டிலேயே மாவு அரைத்து விற்கலாமா, தையல் கடை போடலாமா, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு சொந்தமாக ஏதாவது ஆரம்பிக்கலாமா... இப்படி ஒரு யோசனை வருஷக்கணக்காக உங்கள் மனசில் கிடக்கிறதா? நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிற்றைக் கலக்கும். ‘நமக்கெல்லாம் இது ஒத்துவராது’ என்று ஆசையை மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டுவிடுவீர்கள்.

என்னிடம் வருகிறவர்களில் சிலர் இதற்கு மருந்து கேட்கிறார்கள். மருந்து இருக்கட்டும். பந்தயக் கோட்டில் நிற்கிற ஓட்டக்காரருக்கும் இதே படபடப்புதான், இதே வியர்வைதான் என்பது உங்களுக்குத் தெரியுமா?

உடம்பு என்ன செய்கிறது?

பெரிய காரியம் காத்திருக்கிறது என்று மூளை சொன்னதும், சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து, கை கால் தசைகளுக்குக் கூடுதலாகப் பாய்கிறது. ஆக, உடம்பு ஓடத் தயாராகிறது. நாம்தான் அதைக் கோழைத்தனம் என்று நினைத்துக்கொள்கிறோம். விளையாட்டு வீரர்கள் பயம் போகட்டும் என்று காத்திருப்பதில்லை. பயத்தோடு ஓடப் பழகிக்கொள்கிறார்கள்.

உஷாவைப் பாருங்கள்

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவுக்கு நாலாவது இடம். வெண்கலம் போனது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில்! வேறு யாராக இருந்தாலும் இடிந்துபோயிருப்பார்கள். அவரோ 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி வாங்கினார். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகும் 1998 ஆசிய தடகளப் போட்டியில் ஓடிப் பதக்கங்கள் பெற்றார்.

அதோடு விட்டாரா? 2002-ல் கோழிக்கோடு மாவட்டத்தில் பெண்களுக்கான தடகளப் பள்ளி தொடங்கினார். ஓடுவது வேறு, பள்ளி நடத்துவது வேறு. அங்கே பயின்ற டின்டு லூக்கா 800 மீட்டரில் தேசிய சாதனை படைத்தது 2010-ல். விதைத்து எட்டு வருஷம் கழித்து! உங்கள் கடைக்கு எட்டே மாதத்தில் லாபம் வரவில்லை என்று சோர்ந்துபோகலாமா?

ஒவ்வொரு தடையாக...

அந்த 400 மீட்டர் ஓட்டத்தில் பத்துத் தடைகள். முதல் தடை 45 மீட்டரில். அப்புறம் 35 மீட்டருக்கு ஒன்று. ஓடுகிறவர் அடுத்த தடைக்கு எத்தனை எட்டு என்றுதான் கணக்கு வைத்துப் பழகுகிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதல் தடை: தெரிந்த பத்து வீட்டுக்கு மட்டும் ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது: வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கும் கூலி போடுங்கள்.

மூன்றாவது: உணவுப் பண்டம் என்றால், விற்க ஆரம்பிக்கும் முன்பே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில்தான் தொழில். ‘இவ்வளவு போனால் நிறுத்திவிடுவோம்’ என்று ஒரு தொகையை வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துவிட்டால் ராத்திரி தூக்கம் கெடாது.

படபடப்பு வரும்போது...

முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிஷம் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு நிதானப்படும். காபியைக் குறையுங்கள். ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டு ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். தூக்கமும் ஓய்வும் ஓட்டக்காரருக்குப் பயிற்சியில் பாதி.

ஒரு எச்சரிக்கை. சும்மா இருக்கும்போதே படபடப்பு வந்தால், மூச்சிரைத்தால், நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது பயம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டதா? காலண்டரை எடுங்கள். முதல் பத்து வீட்டுக்குக் கொடுக்கப்போகிற தேதியை இன்றைக்கே வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்குக் காலையிலும் நெஞ்சு படபடக்கும். பரவாயில்லை, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்!