கோதுமை ஒவ்வாத பிள்ளைக்குப் புதுநன்மை



தாம்பரத்தை அடுத்த ஒரு பங்கில், மறைக்கல்வி வகுப்பு முடிந்த ஒரு ஞாயிறன்று ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். புதுநன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்த அவருடைய மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். கோதுமையில் ஒரு துணுக்குகூட அவள் வயிற்றுக்குள் போகக்கூடாது. "ஃபாதர், மத்த பிள்ளைங்க எல்லாம் வரிசையா வந்து நற்கருணை வாங்கும்போது என் பொண்ணு மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கணுமா? அரிசி மாவுல அப்பம் செஞ்சு குடுக்கக் கூடாதா? இல்லேன்னா ஒரு சின்னத் துண்டு குடுத்தா போதாதா?" என்று கேட்டார். அந்தத் தாயின் கேள்விகளை இன்று நாம் சேர்ந்து சிந்திப்போம்.

'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, செரிக்க இயலாமை. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க உதவும் நொதி, பலருக்குச் சிறுவயதுக்குப் பின் குறைந்துவிடுகிறது. அவர்கள் பால் குடித்தால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு வரும். ஆனால் அவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைச் செரித்துவிடுகின்றன. பாலில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்துக்கு நம் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் அந்தச் சத்து உண்டு.

இரண்டாவது, ஒவ்வாமை. வேர்க்கடலை, இறால், முட்டை போன்றவை சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தடிப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். இது உயிருக்கே ஆபத்தாகலாம். மூச்சு திணறினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவதுதான் அந்தப் பிள்ளைக்கு வந்த சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால், நோயை எதிர்க்க வேண்டிய உடலின் ஆற்றல் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. அதனால் சத்து உடலில் ஒட்டாமல் போகிறது. பிள்ளை மெலிகிறது, வளர்ச்சி தடைப்படுகிறது, இரத்தசோகை வருகிறது. குளூட்டன் உள்ள தானியங்களை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே இதற்குச் சிகிச்சை. 'வலி ஒன்றும் இல்லையே' என்று கொஞ்சம் சாப்பிட்டாலும் குடலில் சேதம் நடந்துகொண்டே இருக்கும். எனவே 'ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது' என்று அன்போடு ஊட்டுகிறவர்களும் அறியாமல் தீங்கு செய்கிறார்கள்.

இந்தக் காரணம் தெரியவந்த விதமும் சிந்திக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்து மக்கள் ரொட்டிக்கு வழியின்றிப் பட்டினி கிடந்தார்கள். அந்த நாள்களில் இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறிவந்தார்கள். ரொட்டி மீண்டும் கிடைத்ததும் நோயும் திரும்பியது. கோதுமையின் மீது முன்பே சந்தேகம் கொண்டிருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், 1950-இல் தம் ஆய்வேட்டில் இதை விளக்கினார்.

வீட்டுச் சாப்பாட்டைப் பொறுத்தவரை, அரிசியில் வளர்ந்த நமக்கு மாற்று தேடி அலைய வேண்டியதில்லை. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், கம்பங்கூழ், கேழ்வரகு அடை, தினை, சாமை ஆகிய எதிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. ஒளிந்திருக்கும் கோதுமைதான் தொல்லை. ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையே. மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். அது சாம்பார், இரசம், ஊறுகாய் வழியாக உள்ளே போய்விடும். சப்பாத்தி சுட்ட கல்லில் வார்த்த தோசையும், சமோசா பொரித்த எண்ணெயில் போட்ட பஜ்ஜியும் ஆகாது. பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். சந்தேகம் வந்தவுடன் நாமாகவே கோதுமையை நிறுத்திவிடக்கூடாது. நிறுத்திய பிறகு இரத்தப் பரிசோதனை செய்தால் நோய் தெரியாமல் போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இனி, பீடத்துக்கு வருவோம். ஆண்டவர் இறுதி இராவுணவில் கையில் எடுத்தது அப்பமும் திராட்சை இரசமும். அந்த மரபைக் காத்து, நற்கருணைக்கான அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 924 சொல்கிறது. ஆகவே அரிசி அப்பத்தை நற்கருணைக்குப் பயன்படுத்த இயலாது. குளூட்டனை அறவே நீக்கிய அப்பமும் செல்லாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-இல் தெளிவுபடுத்தியது. வழிபாட்டுப் பேராயம் 2017-இல் அதை மீண்டும் நினைவூட்டியது.

அப்படியானால் அந்தப் பிள்ளை பெஞ்சிலேயே இருக்க வேண்டியதுதானா? இல்லை. அதே ஏடுகள் இரண்டு வழிகளைத் திறந்துவைக்கின்றன. கோதுமையாலேயே செய்யப்பட்டு, குளூட்டன் மிகக் குறைந்த அளவில் உள்ள அப்பம் செல்லும். அதற்கு ஆயரின் அனுமதியைப் பங்குத்தந்தை வழியாகப் பெறலாம். அந்த அளவுகூட ஒவ்வாதவர்கள் திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம். அப்ப வடிவிலும் இரச வடிவிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது நம் விசுவாசம். ஒரு துளி பெறுகிறவருக்குக் குறைந்த நற்கருணை கிடைப்பதில்லை.

ஒரு கவனம் மட்டும் தேவை. குருவானவர் பிட்ட அப்பத்தின் துண்டைத் தம் கிண்ணத்தில் இடுகிறார். ஆகவே அந்தப் பிள்ளைக்குத் தனிக் கிண்ணம் வேண்டும். குறைந்த குளூட்டன் அப்பம் என்றால் தனிப் பேழை வேண்டும். மற்ற அப்பங்களைத் தொட்ட விரல் அதைத் தொடக்கூடாது. திருப்பலிக்கு முன்பே உபதேசியாரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லிவிட்டால் இவை எதுவும் கடினமல்ல.

இதையெல்லாம் சொன்னபோது அந்தத் தாய் கண்களைத் துடைத்துக்கொண்டார். புதுநன்மை நாளில் அவருடைய மகள் தோழிகளோடு அதே வரிசையில் வந்தாள். தனிக் கிண்ணத்திலிருந்து ஆண்டவரைப் பெற்றுக்கொண்டாள்.

பிரியமானவர்களே, அடிக்கடி வயிற்றுக் கோளாறால் வாடிய திமொத்தேயுவுக்கு, வெறும் தண்ணீரோடு நிற்காமல் சிறிது திராட்சை இரசமும் அருந்தச் சொல்லி எழுதினார் புனித பவுல். மறைப்பணியைப் பற்றிய கடிதத்தில் ஒருவருடைய வயிற்றுக்கும் இடம் இருந்தது. நம் அன்பியக் கூட்டங்களிலும் திருவிழா அசனத்திலும் அதே அக்கறைக்கு இடம் கொடுப்போம். 'யாருக்காவது ஏதாவது ஒத்துக்கொள்ளாதா?' என்று முன்கூட்டியே கேட்போம். சமோசாத் தட்டின் பக்கத்தில் தனிப் பாத்திரத்தில் சுண்டலும் இருக்கட்டும். தவக்காலத்தில் நாம் காய்ச்சும் அரிசிக் கஞ்சியை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கிறோம். மற்ற நாள்களிலும் நம் பந்தியிலிருந்து ஒரு பிள்ளைகூட எழுந்துபோகாதபடி பார்த்துக்கொள்வோம். ஆமென்.