தரை மானிட்டரை அபாயமின்றி நிறுவுதல்

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்னும் கப்பலில் தீப்பற்றிற்று. பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தும் ஏற்றப்பட்டிருந்த அக்கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கும் பணியில் ஈடுபட்டிருந்த தீயணைப்புப் படையினருள் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கப்படுகிறது. வெடிக்கக்கூடிய பொருள்களுக்கும், சரியக்கூடிய சுவர்களுக்கும் அருகே மனிதர் நிற்காமலேயே நீர் பாய்ச்ச வேண்டிய அவசியத்தை இத்தகைய நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. அந்த அவசியத்திற்கு உதவும் சாதனங்களுள் ஒன்று, தீயணைப்போர் ‘தரை மானிட்டர்’ என வழங்கும் நீர்பீச்சுக் கருவியாகும்.

விரித்து வைக்கத்தக்க கால்கள், அவற்றின் நுனியில் கூரிய எஃகு முனைகள், நீர் புகும் வாய் ஒன்று அல்லது இரண்டு, மேலும் கீழும் திருப்பத்தக்க வளைகுழாய், அதன் முடிவில் நாசில் ஆகியவையே இதன் உறுப்புகள். சரியாக நிறுவப்பட்ட மானிட்டர் ஆள் துணையின்றி நீர் பாய்ச்சும். தவறாக நிறுவப்பட்டதோ இடம்பெயர்ந்து, நீர் நிறைந்த குழாயோடு சேர்ந்து துள்ளிச் சுழன்று, அருகில் இருப்போரை அடித்து வீழ்த்தும். ஆதலின் இதனை நிறுவுவோர் இதன் பின்னுதைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

பின்னுதைப்பின் அளவு

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் இயக்க விதி. நீரை முன்னோக்கித் தள்ளும் நாசில் அதே அளவு விசையோடு பின்னோக்கித் தள்ளப்படுகிறது. நேர்த்துளை நாசிலில் இவ்விசை, துளையின் பரப்பையும் நீரின் அழுத்தத்தையும் பெருக்கிவரும் தொகையைப் போல் இரு மடங்காகும். துளையின் விட்டம் 32 மில்லிமீட்டர் எனின் அதன் பரப்பு ஏறக்குறைய 8 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5.5 கிலோகிராம் எனின், நிமிடத்திற்குச் சுமார் 1,600 லிட்டர் நீர் வெளியேறும். பின்னுதைப்போ 88 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். இதனை ஒருவர் கையால் தாங்கி நிற்றல் இயலாது.

நாசிலை உயர்த்தினால் இவ்விசையின் ஒரு பகுதி கருவியைத் தரையோடு அழுத்தும். எஞ்சிய பகுதியே பின்னோக்கித் தள்ளும். கருவியும் அதனுள் உள்ள நீரும் 25 கிலோகிராம் என்றும், தரையின் உராய்வு அழுத்தும் எடையில் பாதி என்றும் கொள்வோம். நாசில் 60 பாகை உயர்ந்திருந்தால் பின்னோக்கிய விசை 44 கிலோகிராம், உராய்வு 50 கிலோகிராம் வரை தாங்கும், கருவி நிற்கும். 30 பாகையில் பின்னோக்கிய விசை 76 கிலோகிராம்; உராய்வோ 35 கிலோகிராம் மட்டுமே; கருவி நழுவும்.

மானிட்டர்கள் பலவற்றில் நாசில் 35 பாகைக்குக் கீழே இறங்காதபடி தடை அமைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. ஆயினும் 35 பாகையிலும் உராய்வு மட்டும் போதாது என்பதைக் கணக்கிட்டு அறியலாம். குறையை ஈடு செய்பவை எஃகு முனைகளும் கட்டும் ஆகும். தரையில் வைத்து இயக்கும்போது தடையை விலக்கி நாசிலைத் தாழ்த்துதல் ஒருபோதும் கூடாது.

நிறுவும் முறை

சமமான உறுதியான தரையையும், காற்று முதுகுப்புறமிருந்து வீசும் இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர்த்தாரை மின்கம்பிகளின்மீது படலாகாது. பின்வாங்கும் வழியை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்.

கால்களை முழுவதும் விரித்து, பூட்டுகள் விழுந்தனவா என்பதைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். எஃகு முனைகள் எல்லாம் தரையில் பதிந்திருத்தல் அவசியம். எண்ணெய் படிந்த தளத்திலும் வழவழப்பான கல்தளத்திலும் அவை பற்றா.

பின்னர் கருவியை வார் அல்லது சங்கிலியால் அசையாத பொருளொன்றோடு கட்ட வேண்டும். கட்டும் இடம் கருவிக்கு முன்புறம், அதாவது தீயின் பக்கமாக, இருத்தல் வேண்டும். கட்டு தொய்வின்றி இருத்தலும் வேண்டும். விசை பின்னோக்கிச் செல்வதால், பின்புறம் கட்டிய கட்டினால் பயன் இல்லை.

ஒரே வாயுள்ள கருவியில், நீர் கொண்டுவரும் குழாயின் முதல் மூன்று மீட்டராவது கருவிக்கு நேர் பின்னே வளைவின்றிக் கிடக்க வேண்டும். கருவியை ஒட்டி வளைந்த குழாய், நீர் புகுந்ததும் நிமிர முயன்று கருவியைப் பக்கவாட்டில் தள்ளும். 63 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டருக்கு மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்ட நீர் நிற்பதால், நேராகக் கிடக்கும் குழாயே கருவிக்கு ஓர் ஆதரவாகும். இரு வாயுள்ள கருவிகளில் தயாரிப்பாளர் குறித்த முறையைப் பின்பற்றுக.

நீரை மெல்ல மெல்லத் திறத்தல் வேண்டும். திடீரெனத் திறந்தாலும் மூடினாலும் அழுத்தம் ஒரு கணத்தில் மிகுந்து கருவியை உலுக்கும். அழுத்தத்தைச் சிறிது உயர்த்தி, கால்கள் நகர்ந்தனவா எனக் கண்டு, பின்னரே மேலும் உயர்த்துக. குழாயைக் கடந்து கால் வைத்து நிற்றலும், கருவிக்கு நேர் பின்னே நிற்றலும் கூடா.

விட்டு விலகுமுன்

கருவி உறுதியாக நிற்பதைக் கண்டு சிப்பந்திகள் விலகிச் செல்லலாம். எனினும் கவனத்திற்குரிய அபாயம் ஒன்று உண்டு. சிதறித் திரும்பும் நீர் மண்ணை நனைத்துச் சேறாக்கும். தொடக்கத்தில் நன்கு பதிந்த முனைகள் சிறிது நேரத்தில் இளகிவிடும். ஆகவே, பாதுகாப்பான தொலைவிலிருந்து ஒருவர் கருவியைக் கவனித்துவர வேண்டும். அது நகரத் தொடங்கினால் ஓடிச் சென்று பிடிக்க முயலாமல், பம்பு இயக்குபவருக்குச் சைகை காட்டி அழுத்தத்தைக் குறைக்கச் செய்க. நீர் பாயும்போது கருவியை இடம் மாற்றுதலும் தவறு.

ஆசிரியர்கள் இவ்வுண்மையைப் பள்ளித் தோட்டத்திலேயே விளக்கலாம். மெல்லிய ரப்பர்க் குழாயின் ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயில் பொருத்தி, மறுமுனையைத் தரையில் விட்டுத் திறந்தால், அது பாம்புபோல் நெளிந்து பின்வாங்கும். அம்முனையை ஒரு செங்கல்லின்மேல் கட்டினால் அடங்கி நிற்கும். மானிட்டரைக் கட்டி நிறுத்துவதன் காரணத்தை இச்சிறு சோதனையால் மாணவர் எளிதில் அறிந்துகொள்வர்.