ஒரு டர்னிப் கிழங்கின் மதிப்பு

உள்ளூர் மாடு விலை போகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஜப்பானின் பிரெஞ்சு உணவகங்களிலும் நெடுங்காலம் இதே நிலைதான் நிலவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மெய்ஜி பேரரசர் காலத்து அரசு விருந்துகளின் வழியாகப் பிரெஞ்சு உணவு அந்நாட்டில் பெருமை பெற்றது. பிரான்சில் உள்ளதை உள்ளபடியே படைப்பதுதான் திறமை என்னும் எண்ணமும் அதனுடன் வேரூன்றியது. அந்த எண்ணத்தை மாற்றிய சமையற்கலைஞர்களுள் இருவரைப் பற்றி இங்கே காண்போம்.

முதலாமவர் கியோமி மிக்குனி. 1954இல் ஹொக்கைடோ தீவின் மஷிகே என்னும் கடலோர ஊரில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டலில் பாத்திரம் கழுவும் பணியில் இருந்த இவ்விளைஞர், இருபது வயதில் ஜெனீவாவில் ஜப்பானியத் தூதரின் இல்லத்துச் சமையற்பொறுப்பை ஏற்றார். பின்னர் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆசான்களிடம் பயின்றார். அவர்களுள் ஒருவரான அலென் ஷபெல், மிக்குனியின் சமையலில் நயம் போதவில்லை என்று சுட்டிக்காட்டினார். கைத்திறனில் குறையில்லை, ஆனால் தாம் படைப்பது பிறர் உணவின் நகல் என்பதை மிக்குனி அப்போது உணர்ந்தார். தாயகம் திரும்பி, 1985இல் டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் தமது உணவகத்தைத் திறந்தார். மிசோவும் சோயா சாறும் பிரெஞ்சுத் தட்டில் இடம்பெற்றன. இது பிரெஞ்சு உணவே அன்று என்ற கண்டனங்களும் எழுந்தன. ஆயினும் அவ்வுணவகம் 2022ஆம் ஆண்டின் இறுதிவரை நீடித்தது.

இரண்டாமவர் ஷினோபு நமாயே. கெய்யோ பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்றவர் இவர். பிரெஞ்சு சமையற்கலைஞர் மிஷேல் பிரா ஹொக்கைடோவின் தோயா ஏரிப் பகுதியில் நடத்திய உணவகத்தில் பணியாற்றினார். ஓப்ராக் என்னும் தமது மேட்டுநிலத்தின் காய்களையும் கீரைகளையும் கொண்டே உலகப் புகழ் பெற்றவர் பிரா. அவரிடம் கற்கத்தக்கது ஒரு சமையற்குறிப்பு மட்டுமன்று. சமைப்பவன் தன் மண்ணை அறிந்திருக்க வேண்டும் என்னும் நெறியும் ஆகும்.

2010இல் டோக்கியோவின் நிஷி அசபு பகுதியில் நமாயே தொடங்கிய 'லெஃபர்வெசான்ஸ்' உணவகத்தின் அடையாளமாக விளங்குவது ஒரு டர்னிப் கிழங்கு. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் காய் அது. அதனை முழுதாகவே குறைந்த வெப்பத்தில் ஏறத்தாழ 4 மணி நேரம் வேகவைத்து, நறுக்கி, வெண்ணெயில் பொன்னிறமாக வாட்டுகின்றனர். மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் சாறு ததும்பவும் அமைகிறது. பார்ஸ்லி கீரையின் பச்சைச் சாறும் சிறிதளவு உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியும் துணை சேர்கின்றன.

'மாறாத புள்ளி' என்னும் பொருள்படும் பெயர் கொண்ட இவ்வுணவு, ஆண்டு முழுவதும் பரிமாறப்படுகிறது. செய்முறை மாறுவதில்லை; கிழங்குதான் மாறுகிறது. குளிர்காலத்தில் இனிப்பு மிகும். கோடையில் காரம் தலைகாட்டும். ஆகவே உண்பவர் சுவைப்பது சமையற்கலைஞரின் திறமையை மட்டுமன்று, அப்பருவத்தையும் அதை விளைவித்த உழவரின் உழைப்பையும்தான். விருந்தின் நிறைவில், பச்சைத் தேயிலைத் தூளை மூங்கில் மத்தால் நுரைக்கக் கடைந்து வழங்குகின்றனர்.

2021ஆம் ஆண்டுக்கான மிஷெலின் வழிகாட்டி இவ்வுணவகத்திற்கு அதன் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரங்களையும், சூழலைப் பேணுவதற்கான பசுமை நட்சத்திரத்தையும் அளித்தது. டோக்கியோ செல்லும் வாசகர்கள் முன்பதிவு செய்துகொள்வது இன்றியமையாதது. செலவு மிகுதி என்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும். காய்கறி மட்டுமே உண்பவர்கள் அதனைப் பதிவின்போதே தெரிவித்து, உறுதி பெற்றுக்கொள்வது நலம்.

மிக்குனி கடல் கடந்து சென்று கற்றார். நமாயே தம் நாட்டிலேயே ஒரு பிரெஞ்சு ஆசானின் அடுப்படியில் கற்றார். இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே. கலையை எங்கிருந்தும் பெறலாம். பொருளைச் சொந்த மண்ணில்தான் தேடவேண்டும். அவ்வாறு தேடியவர்களின் கையில், விலை போகாதெனக் கருதப்பட்ட உள்ளூர்ச் சரக்கு உலகின் சிறந்த விருந்துமேசைகளுள் ஒன்றில் இடம் பெற்றுவிட்டது.