பிரதிநிதி அணிகளுக்கான தகுதி விதிகள்

ஒரு மாவட்டம், மாநிலம் அல்லது நாட்டின் பெயரில் களமிறங்கும் அணி பிரதிநிதி அணி எனப்படும். அவ்வணியில் யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பதை வரையறுப்பவை தகுதி விதிகள். கழக அணிகளுக்கும் ஏல முறையில் வீரர்களை எடுக்கும் தொழில்முறை அணிகளுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரை பாந்தர்ஸ் அணிக்கு ஆடுபவர் மதுரைக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் இருந்தால் போதும். மதுரை மாவட்ட அணி என்றால் கதை வேறு. "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி அங்கே எழுகிறது. அதற்கான பதில் பிறந்த ஊரா, பெற்றோரின் ஊரா, படிக்கும் ஊரா, வேலை பார்க்கும் ஊரா என்பதில் ஒவ்வொரு விளையாட்டும் ஒவ்வொரு வழியில் போயிருக்கிறது. இந்தக் கேள்வியோடு மிக நீண்ட காலம் மல்லுக்கட்டிய விளையாட்டுகளில் ஒன்று ரக்பி லீக். அணிக்கு 13 பேர் ஆடும் இவ்வகை ரக்பி, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் பெரும் செல்வாக்குடையது.

சிவகாசி எந்த மாவட்டம்?

ஊர் நகர்வதில்லை, ஆனால் அது சேர்ந்திருக்கும் மாவட்டம் மாறும். சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் பகுதிகள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்க்கப்பட்டன. 1985 மார்ச் 15 அன்று இராமநாதபுரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, இப்பகுதி காமராசர் மாவட்டம் ஆனது. 1997இல் மாவட்டங்களுக்கு இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, இது விருதுநகர் மாவட்டம் என்றானது. அதாவது 1984இல் சிவகாசிக்காரரும் இராமேசுவரத்துக்காரரும் ஒரே மாவட்டத்தினர். அடுத்த ஆண்டு எதிரெதிர் அணியினர். பக்கத்திலுள்ள கோவில்பட்டியின் கதையும் இப்படித்தான். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது அங்கே போனது.

பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் இந்த வட்டாரத்துக்கு மாவட்ட எல்லை பெரிய பொருட்டே அல்ல. ஆலைப் பேருந்துகள் விடிகாலையில் பல ஊர்களைச் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். குடியிருப்பு ஒரு வட்டத்திலும் வேலை வேறொரு வட்டத்திலுமாக வாழும் குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துப் பிள்ளை நன்றாக ஓடினால், யாருக்காக ஓடும்?

பள்ளி அளவிலான போட்டிகளில் இதற்கு எளிய விடை இருக்கிறது. மாணவர் பயிலும் பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்டமே அவருடைய மாவட்டம். பிறந்த ஊரையோ பெற்றோரின் ஊரையோ யாரும் பார்ப்பதில்லை. நிர்வாகத்துக்கு இது வசதியானது. ஆனால் இதற்கு ஒரு விளைவு உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பல நகரங்களில் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. திறமையுள்ள சிறுவர் சிறுமியர் தேர்வாகி, சொந்த ஊரை விட்டு விடுதி உள்ள நகரத்துக்குப் போய் அங்குள்ள பள்ளியில் சேர்கிறார்கள். வளைகோல் பந்தாட்டத்துக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியில் அத்தகைய விடுதி உள்ளது. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் அங்கே உருவானவர்கள். மாரீஸ்வரன் அதே ஊர்க்காரர். கார்த்தியோ அரியலூர் மாவட்டத்திலிருந்து வந்தவர். விடுதி இல்லாவிட்டால் இப்படிப்பட்ட வீரர்கள் உருவாவது கடினம் என்பதில் ஐயமில்லை. அதேவேளை, ஒரு மாவட்டம் தன் மிகச் சிறந்த பிள்ளைகளை அனுப்பிவைத்துவிட்டு, மாநிலப் போட்டியில் அவர்களையே எதிரணியில் சந்திக்கும் நிலையும் வருகிறது.

குயின்ஸ்லாந்தின் குறை

ஆஸ்திரேலியாவில் இதே குறை ஒரு மாநிலத்தையே அரித்தது. நியூ சவுத் வேல்சும் குயின்ஸ்லாந்தும் ரக்பி லீக்கில் பழைய எதிரிகள். 1980க்கு முன் வீரர் எந்த மாநிலக் கழகத்துக்கு ஆடுகிறாரோ அந்த மாநில அணிக்கே அவர் உரியவர். நியூ சவுத் வேல்சில் 1956 முதல் கழகங்கள் சூதாட்டப் பொறிகள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. குயின்ஸ்லாந்தில் அந்த வருமானம் இல்லை. பணம் சிட்னியில் குவிய, குயின்ஸ்லாந்து வீரர்கள் ஒவ்வொருவராகத் தெற்கே போனார்கள். போனவர்கள் நீலச் சட்டை அணிந்து தாய் மாநிலத்துக்கு எதிராகவே ஆடினார்கள். ஆட்டங்கள் ஒருதலையாயின, மக்களும் மைதானத்துக்கு வருவதை நிறுத்தினார்கள்.

1980 தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களும் பழைய விதிப்படி நடந்தன. இரண்டிலும் நியூ சவுத் வேல்சே வென்றது. மூன்றாவது ஆட்டத்தைச் சோதனை முயற்சியாக, பூர்வீக மாநில அடிப்படையில் நடத்த முடிவானது. குயின்ஸ்லாந்தின் ரோமா என்ற ஊரில் பிறந்து, சிட்னிக் கழகங்களில் ஆடி, நியூ சவுத் வேல்சுக்காகப் பலமுறை களமிறங்கியிருந்த ஆர்தர் பீட்சன் 35 வயதில் முதன்முறையாகச் சொந்த மாநிலத்தின் சட்டையை அணிந்து அணித்தலைவராக வந்தார். 1980 ஜூலை 8 அன்று பிரிஸ்பேனின் லாங் பார்க் மைதானத்தில் குயின்ஸ்லாந்து 20–10 என வென்றது. இன்று 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' அந்நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு நிகழ்வுகளில் ஒன்று. 1982 முதல் மூன்று ஆட்டங்களும் இம்முறையிலேயே நடக்கின்றன. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் இதே யோசனை 1977இலேயே மேற்கு ஆஸ்திரேலியாவில் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் 'பூர்வீகம்' என்பதற்கு என்ன பொருள்? தொடக்கத்தில் பிறந்த ஊரை விட, ஒருவர் பருவமெய்திய நிலையில் முதலில் எங்கே ஆடினார் என்பதே பெரிதாகப் பார்க்கப்பட்டது. நியூ சவுத் வேல்சின் கெம்ப்சியில் பிறந்த கிரெக் இங்கிலிஸ், பிரிஸ்பேனில் படித்து ஆடியதால் குயின்ஸ்லாந்து வீரரானார். அம்மாநிலத்தின் தலைசிறந்த வீரர்களில் ஒருவராகவும் ஆனார். நியூ சவுத் வேல்ஸ்காரர்களுக்கு இது நெடுநாள் ஆறாத புண். 2012இல் விதி இறுக்கப்பட்டு, 13ஆம் பிறந்தநாளுக்கு முன் அம்மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும் என்பது முதன்மை அளவுகோலானது. தந்தை அம்மாநிலத்துக்கு ஆடியிருந்தால் மகனும் ஆடலாம் என்ற சலுகையும் வந்தது. ஒருவனுடைய ஊர் எது என்பதைப் பிறப்போ சம்பளமோ தீர்மானிக்காமல், சிறுவயதில் எங்கே வளர்ந்தான் என்பது தீர்மானிக்கட்டும் என்ற இந்த ஏற்பாடு, உள்ளவற்றுள் நியாயமானது என்று படுகிறது. விடுதிக்குப் போகும் பிள்ளையின் சொந்த மாவட்டம் எது என்று கேட்டால், அந்தப் பிள்ளையே சொல்லும் விடையும் பெரும்பாலும் இதுதான்.

தமிழ்நாடு அணி

இந்திய மாநில அணிகளில் பிறப்பும் வசிப்பும் அடிப்படையாக இருந்தாலும், விதிகள் நெகிழ்வானவை. ரஞ்சிக் கோப்பையில் ஒரு மாநிலம் வெளி மாநில வீரர்கள் மூவர் வரை சேர்த்துக்கொள்ளலாம். பழைய சங்கத்திடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டுக்காக ஆண்டுக்கணக்கில் ரன் குவித்த எஸ். பத்ரிநாத் 2014இல் விதர்பாவுக்கும், பின்னர் ஐதராபாத்துக்கும் ஆடினார். மும்பையின் வாசிம் ஜாஃபரைச் சேர்த்துக்கொண்ட விதர்பா, 2017–18, 2018–19 ஆகிய இரு பருவங்களிலும் கோப்பையை வென்றது. சிறிய சங்கங்களுக்கு இந்த ஏற்பாடு ஒரு வரம்.

இந்தியாவில் இன்னோர் அளவுகோலும் உண்டு: வேலை. ரயில்வே அணியும் முப்படைகளின் சர்வீசஸ் அணியும் மாநிலங்களுக்கு நிகராகக் களமிறங்குகின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ இராணுவத்திலோ சேரும் தமிழ் வீரர், பொதுவாக அங்கே வேலைசெய்யும் நிறுவனத்தின் அணிக்கு ஆடுவார். 2012 சந்தோஷ் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் தமிழ்நாடு தோற்றது இந்த சர்வீசஸ் அணியிடம்தான். பீட்சன் காலத்து ஆஸ்திரேலியாவில் கழகம் செய்ததை, இங்கே வேலை நியமன ஆணை செய்கிறது.

நாட்டின் பெயரில்

பன்னாட்டு ரக்பி லீக்கில் ஒருவர் பிறந்த நாட்டுக்கோ, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ, குறிப்பிட்ட காலம் தொடர்ந்து வசித்த நாட்டுக்கோ ஆடலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்றும் முதல் அடுக்கு நாடுகள். இவற்றுள் ஒன்றுக்கு ஆடியவர் இன்னொன்றுக்கு மாற முடியாது. ஆனால் தகுதி இருந்தால் இரண்டாம் அடுக்கு நாடொன்றுக்கு ஆடலாம். வேறு விளையாட்டுகளைப் பின்பற்றுபவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். இதன் பயன் 2017 உலகக் கோப்பையில் தெரிந்தது. ஆக்லாந்தில் பிறந்து நியூசிலாந்துக்கு ஆடிவந்த ஜேசன் டௌமலோலோ, போட்டிக்குச் சற்று முன் மூதாதையரின் நாடான டோங்காவைத் தேர்ந்தார். ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் அப்படியே செய்தார். டோங்கா நியூசிலாந்தை 28–22 என வீழ்த்தி, அரையிறுதியில் இங்கிலாந்திடம் இரண்டே புள்ளிகளில் தோற்றது. அடுத்த உலகக் கோப்பையில் சமோவா இறுதியாட்டம் வரை சென்றது. பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகளே இந்தச் சிறு தீவுகளின் பலம்.

இந்தியா நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் மட்டுமே நாட்டுக்கு ஆடலாம் என 2008 டிசம்பரில் ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் முடிவெடுத்தது. இரட்டைக் குடியுரிமையும் இந்தியச் சட்டத்தில் இல்லை. கடல் கடந்த இந்தியர் அட்டை குடியுரிமை ஆகாது. சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ், லாஸ் ஏஞ்சலிசில் பிறந்தவர். 2003 முதல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிவந்தவர். புதிய கொள்கை அவருக்குக் கதவை மூடியது. குஜராத்தித் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த கால்பந்து வீரர் அராட்டா இசுமி, ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து 2012இல் இந்தியரான பிறகே இந்திய அணியில் இடம்பெற்றார். ரக்பி லீக்கின் தாத்தா பாட்டி விதி இங்கே இருந்திருந்தால் பல நாடுகளின் தமிழ் இளைஞர்களில் சிலர் இந்திய அணிக்குத் தகுதி பெற்றிருப்பர். நாடே இல்லாமல் மரபை மட்டும் அடிப்படையாகக் கொண்ட அணிகளும் உள்ளன. ஃபிஃபாவில் இடம்பெறாத அணிகளுக்காக 2014இல் சுவீடனில் நடந்த கானிஃபா உலகக் கால்பந்துக் கோப்பையில் புலம்பெயர் தமிழர்களைக் கொண்ட தமிழீழ அணி ஆடியது.

சான்றிதழும் வயதும்

எந்த விதியும் கடைசியில் ஒரு தாளில் வந்து நிற்கும். 2000இல் வேல்ஸ் ரக்பி யூனியன் அணியின் ஷேன் ஹோவார்த், பிரெட் சின்கின்சன் ஆகியோருக்கு வேல்சில் பிறந்த தாத்தா பாட்டி இல்லை என்பது வெளிப்பட்டுப் பெரும் அவமானமானது. 2025 செப்டம்பரில் மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கும் வெளிநாட்டில் பிறந்த ஏழு வீரர்களுக்கும் ஃபிஃபா தண்டனை விதித்தது. அவர்களுடைய தாத்தா பாட்டியர் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்பதும், மூல ஆவணங்களில் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து எனப் பிறப்பிடங்கள் இருந்ததும் காரணம்.

நம்மூரில் சண்டை தாத்தாவின் ஊரைப் பற்றியதல்ல, பிறந்த தேதியைப் பற்றியது. வீட்டில் பிறந்து, உரிய காலத்தில் பதியப்படாமல், பள்ளியில் சேர்க்கும்போது குத்துமதிப்பாக ஒரு தேதி எழுதப்பட்ட பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு முன்வரை மிகப் பலர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்த பிறகு, பட்டாசு வட்டாரத்தில் வயது என்பதே சர்ச்சைக்குரிய சொல்லாகவும் இருந்தது. ஆலையில் வேலைக்கு வயதைக் கூட்டிச் சொல்வதும், வயது வரம்புள்ள போட்டிக்குக் குறைத்துச் சொல்வதும் ஒரே ஓட்டையின் இரு பக்கங்கள். இதனால்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு முதிர்ச்சியைக் கணக்கிடும் முறையைக் கையாள்கிறது. எலும்பு வயது ஒரு மதிப்பீடே. உண்மை வயதிலிருந்து அது விலகலாம். முன்கூட்டியே வளர்ந்துவிட்ட சிறுவன், சரியான பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தும் வெளியேற்றப்படும் வாய்ப்பு அதில் உண்டு.

இவ்வளவு கெடுபிடிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஒன்றிய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்குப் படிவம் 4 எனச் சான்று தரப்படுகிறது. ஊர்த் திடலில் எத்தனை கோப்பைகளை வென்றிருந்தாலும் இந்தப் படிவங்களில் ஒன்றைப் பெற முடியாது. அதற்கு ஏதேனும் ஒரு பிரதிநிதி அணியின் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும்.