கெல்லி மாளிகை: உள்ளே போகும் முன் வெளியே பாருங்க



‘நான் சென்று வந்த வரலாற்று இடம்’ என்று தலைப்புக் கொடுத்தால், என் மாணவர்கள் பலர் பத்து காஜாவில் உள்ள கெல்லி மாளிகையைத்தான் எழுதுகிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால், கட்டுரையில் பேய் வருது, சுரங்கப்பாதை வருது. மாளிகையைக் கட்டியவங்க மட்டும் வருவதே இல்லை! அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் வெளிப்புறத்தில் நிதானமாக நடக்க வேண்டும்.

முதலில் சுருக்கமான பின்னணி. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1890-இல், தம் 20-ஆவது வயதில் மலாயாவுக்கு வந்தார். பால்மரத் தோட்டத்தில் பொருள் ஈட்டினார். 1915-இல் மகன் பிறந்த பிறகு இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1926-இல் லிஸ்பன் நகரில் நிமோனியா காய்ச்சலால் இறந்தார். வேலை பாதியில் நின்றது. மனைவி சொத்தை விற்றுவிட்டுத் தாயகம் திரும்பினார்.

இனி வெளியே வாங்க. நுழைந்ததும் ராயா ஆற்றைக் கடக்கும் பாலம். அங்கேயே கொஞ்சம் நில்லுங்க. மேட்டின் மேல் மாளிகை முழுசாகத் தெரியும் இடம் அது. குடும்பப் படம் எடுக்கவும், கட்டுரைக்கு முதல் பத்தி எழுதவும் ஏற்ற இடம். அடுத்தது புல்வெளி. சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். மாடிப்படி ஏற முடியாத தாத்தா பாட்டி நிழலில் உட்காரட்டும். மாளிகையை ஒட்டி, ஸ்மித் முதலில் வாழ்ந்த பழைய வீட்டின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. சுவர்மீது பிள்ளைகளை ஏற விடாதீங்க.

பிறகு மாளிகையின் வெளிச்சுவர் பக்கம் போங்க. காரை பூசாத செங்கல் வரிசைகளைக் கிட்டே நின்று பாருங்க. இந்த வேலைக்காக மதராசிலிருந்து சுமார் 70 பேர் வரவழைக்கப்பட்டார்கள். செங்கல்லும் இந்தியாவிலிருந்தே கப்பலில் வந்தது. கட்டுமானம் நடந்த காலத்தில் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவி, தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். “இந்த வளைவை வைத்தவர் யாராக இருக்கும்?” என்று பிள்ளையிடம் கேளுங்க. அந்த ஒரு கேள்வி போதும். பேய்க்கதை தானாக விலகிவிடும்.

கடைசியாக, காரில் ஏறி சுமார் ஒன்றரை கிலோமீட்டர் போனால் மாரியம்மன் கோயில். நோய் தீரக் கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, ஸ்மித் சம்மதித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கோயில் கூரையில் சாமி சிலைகளோடு, வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஒருவரின் சிலையும் இருக்கிறது. அது ஸ்மித்தான் என்கிறார்கள். முதலில் கண்டுபிடிப்பது யார் என்று பிள்ளைகளுக்குள் போட்டி வையுங்க.

மாணவர்களே, எழுதும்போது மூன்றைக் கவனத்தில் வையுங்கள்:

1. நடந்த வரிசையிலேயே எழுதுங்கள்: பாலம், புல்வெளி, பழைய வீடு, சுவர், கோயில்.
2. உறுதியான செய்தியை ‘கட்டினார்’ என்றும், செவிவழிச் செய்தியை ‘என்று சொல்லப்படுகிறது’ என்றும் பிரித்து எழுதுங்கள்.
3. ‘கண்டு களித்தோம்’ என்று முடிக்காமல், கண்டது என்ன என்று சொல்லுங்கள்.

மாளிகைக்கு ஸ்மித்தின் பெயர் இருக்கிறது. செங்கல் அடுக்கியவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு பத்தியாவது இருக்கட்டும்.