காசு வந்தது, படை வரவில்லை

ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டையூசி வளைவுகள் இருபது. தை, மாசியில் அந்த வழியாக இறங்கும் சரக்கு வண்டிகளில் காப்பி மூட்டைகளோடு மிளகு மூட்டைகளும் இருக்கும். ஐம்பது கிலோ மூட்டையாக இருபது ஏற்றினால் ஒரு டன், வளைவுக்கு ஒரு மூட்டை என்று கணக்கு. கி.பி. 408இல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத்துத் தலைவன் அலாரிக், விலகிப் போவதற்கு 5,000 ராத்தல் பொன்னும் 30,000 ராத்தல் வெள்ளியும் 4,000 பட்டு அங்கிகளும் கேட்டான். அவற்றோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டான். ரோம ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். அலாரிக் கேட்ட மிளகு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. எதிரே வரும் பேருந்துக்காக வளைவில் ஒதுங்கி நிற்கும் இந்தச் சின்ன வண்டி அதைச் சுமந்துவிடும்.

அன்று ரோமுக்குப் போன மிளகு ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விளைந்ததன்று. அது சேர நாட்டு மிளகு, முசிறியில் கப்பல் ஏறியது. நம் கொங்குப் பக்கத்திலிருந்து போனவை வேறு. காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைநீலப் பெரில் கல்லும், நொய்யல் கரைக் கொடுமணலில் அறுத்துத் துளையிட்ட மணிகளும் போயின. கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயமும் கிடைத்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே போன சரக்குக்கு அதே கணவாய் வழியாகக் காசு திரும்பி வந்தது. மலையடிவாரத்துச் சேலத்தையும் அது தொட்டது. கோனேரிப்பட்டியில் 1987இல் ரோம வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன.

ரோமப் பேரரசு தன் தொலைதூர மாகாணங்களை ஆளுநரையும் படையையும் அனுப்பி ஆண்டது. தமிழகத்துக்கு இரண்டையும் அனுப்பவில்லை. அதன் படைவீரர்கள் கல்வெட்டு வைத்து நின்ற தெற்கு எல்லை செங்கடலின் பராசான் தீவுகள், ஆண்டு 144. அதற்கு அப்பால் கடல்தான். ஆனாலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு மூலத்திலிருந்து பிற்காலத்தில் படியெடுத்த பியூட்டிங்கர் வரைபடம் முசிறியின் பக்கத்தில் ஒரு சிறு கட்டடத்தைக் காட்டி அகஸ்டசின் கோயில் என்று பெயர் எழுதியிருக்கிறது. ஆளாத ஊரில் மன்னனுக்குக் கோயில்! அங்கே தங்கிய வணிகர்கள் கட்டியிருக்கலாம். வரைந்தவன் கையில் நம் கரையும் பேரரசின் ஓரம்போல ஒட்டிக்கொண்டது.

முற்காலத்தையும் பிற்காலத்தையும் பிரித்துக் காட்டுவது காசுதான். முதல் நூற்றாண்டில் இங்கே வந்தது பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளி. ஒரு காசு நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு, வெள்ளி சுத்தம். 64இல் நீரோ எடையைக் குறைத்தான், வெள்ளியிலும் கலப்பைக் கூட்டினான். தமிழக வணிகனுக்கு அது தெரியாமல் போகவில்லை. புதைத்து வைத்த குவியல்களில் பழைய நல்ல காசே மிகுதி. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் முகத்தில் உளி வெட்டு இருக்கிறது. மன்னன் தலை இங்கே செல்லாது, பொன்னின் எடை மட்டும் செல்லும் என்று யாரோ உளியால் சொல்லிவிட்டார்கள்.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டில் வந்தது செம்பு. ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ், இரண்டாம் தியோடோசியஸ் ஆகியோர் காலத்துப் பொடிக்காசுகள் சட்டைப் பொத்தான் அளவு, பெரும்பாலும் ஓரிரு கிராம். கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் திருக்கோவிலூரிலும் கிடைத்த இவற்றை நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் ஒரு தனி நூலாகவே வெளியிட்டார். அலாரிக்குக்கு ரோம் மிளகு கொடுத்த காலத்தில் ஆண்ட ஹொனோரியசின் காசு கரூர் மணலில் கிடந்தது என்பது எனக்கு இன்னும் ஆறாத வியப்பு. இவ்வளவு மலிவான செம்பை யார் இத்தனை கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள்? பல காசுகள் கைபட்டுத் தேய்ந்து முகமிழந்திருக்கின்றன. சந்தையில் சில்லறையாகப் புழங்கியிருக்க வேண்டும். இலங்கையில் அவை போதாமல் அவற்றைப்போல உள்ளூரிலேயே அச்சடித்துக்கொண்டார்கள். வெள்ளி பானையில் புதைந்தது. செம்பு அங்காடிக்குப் போனது. பேரரசு மெலிந்த காலத்தில்தான் அதன் காசு நம் ஏழைகளின் கைக்கும் எட்டியது என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆறாம் நூற்றாண்டில் அந்தத் தொடர்பும் பிறர் கைக்கு மாறியது. முன்பு எகிப்தின் மியோஸ் ஹொர்மோஸ் துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ரோமப் பேரரசன் ஜஸ்டினியன் காலத்திலோ, எங்களுக்காக நீங்கள் இந்தியரிடம் பட்டு வாங்கித் தாருங்கள் என்று எத்தியோப்பியரைக் கேட்க வேண்டியதாயிற்று. கப்பல் வந்து அணையும் துறைகளிலேயே பாரசீகர் காத்திருந்து முழுச் சரக்கையும் வாங்கிவிட்டார்கள், எத்தியோப்பியரால் ஒன்றும் ஆகவில்லை என்று வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் குறித்திருக்கிறார். கொங்கு நாட்டில் இதற்காக யாரும் துக்கம் கொண்டாடியிருக்க மாட்டார்கள். சந்தையில் ஒரு வகைச் சில்லறை வருவது நின்றது, அவ்வளவுதான்.

இரண்டாவது பேரரசு இப்படி வரவில்லை. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலம் சீமையும் ஆங்கிலேயக் கும்பினியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே நிலத்தை அளந்தார்கள், வரி விதித்தார்கள். ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் பழகிப் பார்க்கப்பட்டது. ரோமன் எடுத்த வரி கால் பங்கு, அதுவும் சரக்கு எகிப்தில் கரையேறிய பின், அவனுடைய நாட்டு வணிகனிடம். கும்பினி உழவனின் வயலுக்கே வந்து வாங்கியது.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கினார். அதுவரை அந்த மலை, மலையாளி என்னும் மலைமக்களின் சாமைக்கும் கேழ்வரகுக்கும் புனக்காடாக இருந்தது. ஓரிடத்தில் காட்டை வெட்டி எரித்து விதைத்து, சில ஆண்டுகளில் வேறிடம் போய், பழைய இடத்தைக் காடே மூடும்படி விடுவது அவர்கள் வழக்கம். காப்பித் தோட்டத்துக்கு வேலி உண்டு, பட்டா உண்டு. அளந்து எல்லை போட்டபின் திரும்பிப் போக இடம் குறைந்தது. ஈடாக வந்தவை பாதை, பள்ளிக்கூடம், கூலி வேலை, ரேஷன் கடை. எது கூடியது, எது குறைந்தது என்று தராசில் வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சாமைச் சோற்றின் ருசியைச் சொல்லிக் கண் மூடுகிற கிழவியிடம், பிரசவத்துக்குச் சேலம் போக அன்று எத்தனை நேரமாகும் என்று கேட்டால் அவளே கண்ணைத் திறந்துவிடுவாள்.

காப்பிக்கு நிழல் தர ஆஸ்திரேலிய சில்வர் ஓக் மரங்களை நட்டார்கள். அவற்றின் தண்டில்தான் இன்று மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. சேர நாட்டுக் கொடி ஆஸ்திரேலிய மரத்தில் ஏற, அடியில் எத்தியோப்பியாவில் பிறந்த செடி. ஜஸ்டினியன் கெஞ்சிய நாட்டின் செடி. மூங்கில் ஏணியைச் சாய்த்து மிளகு பறிப்பவரிடம் இதைச் சொன்னால், ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பார்.

அன்று உலகத்துக்கு மிளகு தந்த கரை நம்முடையது. கருமிளகு ராத்தல் 4 தெனாரியசுக்கு விற்றதைப் பிளினி எழுதிவைத்தார், இந்தியாவுக்கு ஆண்டுதோறும் போகும் 5 கோடி செஸ்டர்சை எண்ணிப் பெருமூச்சும் விட்டார். எகிப்தின் பெரெனிகே துறைமுகக் கோயிலில் இந்தியச் சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு கெடாமல் கிடைத்தது. இன்று மிளகு விளைச்சலில் முதலிடம் வியட்நாமுக்கு. நாமும் அங்கிருந்தும் இலங்கையிலிருந்தும் இறக்குமதி செய்கிறோம். சேலம் கடைவீதியில் நூறு கிராம் பொட்டலம் வாங்கும்போது அது மலையிலிருந்து இறங்கியதா, கப்பலில் வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

சேர்வராயன் கோயில் இருப்பது 1,623 மீட்டர் உயரத்தில். குனிந்து நுழையும் குகையில் சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள். குகைக்கும் காவிரிக்கும் வழி உண்டு என்பது மலைமக்களின் நம்பிக்கை. கண்ணுக்குத் தெரியும் வழியும் ஒன்று உண்டு. இந்த மலையின் மழைநீர் திருமணிமுத்தாறாகச் சேலத்துக்குள் புகுந்து காவிரியில் சேர்கிறது. மணியும் முத்தும் பெயரில் இருக்கின்றன. நகரத்துக்குள் ஓடும் நீரில் சாயமும் சாக்கடையும். ஹொனோரியசின் செம்பைத் தந்த அமராவதியும் கரூரை அடுத்துக் காவிரியில்தான் கலக்கிறது. கொங்கு நாட்டு ஆற்று மணல் லாரி லாரியாக வீடு கட்டப் போயிருக்கிறது. ஏதோ ஒரு வீட்டுச் சுவர்ப் பூச்சுக்குள் பொத்தான் அளவில் ஒரு பச்சை படிந்த காசு இருக்கக்கூடும். அந்த வீட்டுக்காரர் அதன்மேல் ஆணி அடித்து நாட்காட்டியும் மாட்டியிருக்கலாம்.